சட்டசபை தேர்ந்தெடுத்த கவர்னர்

சொல் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் அமைந்துவிட்டால் மொழிபெயர்ப்பவனுக்குத் தொல்லை பிறக்கிறது. 'கவர்னர்' என்ற சொல் அத்தகையது. நம் நாட்டில் எந்த இராஜ்யத்தில் நாம் குடியிருந்தாலும் அங்கே ஒரு கவர்னர் இருக்கிறார். அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அன்றாட ஆட்சியை நடத்துவது மந்திரிசபை. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இராஜ்யத்துக்கு ஒரு கவர்னர் உண்டு. ஆனால் அவரை மக்களே நேராக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகத்தை நடத்துபவரும் அவரே. பெயர் ஒன்று, பதவி வேறு.

அமெரிக்கக் கவர்னர் பதவி தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருந்ததா என்றால், இல்லை. அந்நாடு விடுதலை பெற்ற காலத்தில் பெரும்பாலான இராஜ்யங்களில் கவர்னரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்லர், சட்டசபையே. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்குச்சீட்டுப் போட்டு, தமக்கு உகந்த ஒருவரை அப்பதவியில் அமர்த்தினர். அரசனை எதிர்த்துப் போராடிய ஒரு மக்கட் கூட்டம் ஏன் இந்த முறையைக் கைக்கொண்டது? அது போர்க்காலத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டது? பின்னர் ஏன் கைவிடப்பட்டது? இவற்றை வர்ஜீனியா என்னும் ஓர் இராஜ்யத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

வர்ஜீனியா, அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிறுவிய குடியேற்ற நாடுகளில் மிகப் பழமையானது. 1607-ஆம் ஆண்டில் அது தோன்றியது. 1619-லேயே அங்கே ஒரு பிரதிநிதி சபை கூடிற்று. எனினும் அச்சபைக்கு மேலாக மன்னரின் கவர்னர் வீற்றிருந்தார். சபை இயற்றிய சட்டத்தை அவர் தள்ளிவிடலாம், சபையை ஒத்திவைக்கலாம், மனத்துக்கு ஒவ்வாதபோது கலைத்தும் விடலாம். கடைசியாக வந்த டன்மோர் பிரபு இந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்தினார். 1774 மே மாதத்தில், பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டதை எதிர்த்து ஓர் உபவாச தினம் அனுஷ்டிக்கப் பிரதிநிதிகள் தீர்மானித்தனர். அத்தீர்மானத்துக்காகவே அவர் சபையைக் கலைத்தார்.

மறு ஆண்டு ஏப்ரலில், தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கின் ஆயுதக் கிடங்கிலிருந்த வெடிமருந்தை டன்மோர் இரவோடிரவாகக் கப்பலுக்கு எடுத்துச் செல்லச் செய்தார். நாடு கொதித்தெழுந்தது. பாட்ரிக் ஹென்ரி என்ற வழக்கறிஞர் தம் வட்டாரத்து வீரர்களைத் திரட்டிக்கொண்டு தலைநகரை நோக்கிப் புறப்பட்டார். வெடிமருந்துக்கு ஈடாக 330 பவுன் கொடுக்கப்பட்ட பின்னரே திரும்பினார். 1775 ஜூன் 8-ஆம் நாள் டன்மோர் தம் மாளிகையை விட்டு ஒரு போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தார். அரசனின் ஆட்சி அன்றே முடிந்தது எனலாம்.

கவர்னர் போய்விட்டார், கவர்னரின் இடம் வெறுமையாக நின்றது. மக்கள் பிரதிநிதிகள் மாநாடுகளாகக் கூடி ஆட்சியை நடத்திவந்தனர். அவ்வரிசையில் ஐந்தாவது மாநாடு 1776 மே 6-ஆம் நாள் வில்லியம்ஸ்பர்க்கில் தொடங்கியது. எட்மண்ட் பெண்டில்டன் அதற்குத் தலைமை வகித்தார். மே 15-ஆம் நாள், குடியேற்ற நாடுகள் யாவும் சுதந்திரமானவை என்று பிரகடனம் செய்யும்படி பிலடெல்பியா காங்கிரஸில் முன்மொழியத் தம் பிரதிநிதிகளுக்கு அது கட்டளையிட்டது. ஜூன் 12-ல் உரிமைச் சாசனத்தையும், ஜூன் 29-ல் இராஜ்யத்தின் அரசியல் சட்டத்தையும் நிறைவேற்றியது. இவ்விரண்டிலும் ஜார்ஜ் மேஸன் என்ற நிலக்கிழாரின் கைவண்ணமே மிகுதி. காங்கிரஸ் கட்டளையிட்ட சுதந்திரப் பிரகடனத்தைப் பிலடெல்பியாவில் எழுதிக்கொண்டிருந்த தாமஸ் ஜெபர்ஸனும் ஒரு நகலைத் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்நகலில் அவர் 'கவர்னர்' என்ற பெயரையே விலக்கி, 'நிர்வாகி' என்று எழுதியிருந்தார். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரதிநிதிகள் சபைக்கே அளித்திருந்தார். அப்பெயர் எத்துணைக் கசப்பை ஊட்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மாநாடு பெயரை வைத்துக்கொண்டது, அதிகாரத்தை எடுத்துவிட்டது. புதிய சட்டத்தின்படி கவர்னரின் பதவிக்காலம் ஓராண்டு. பிரதிநிதிகள் சபையும் செனட்டும் கூட்டு வாக்கெடுப்பின் மூலம் அவரைத் தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் அப்பதவியில் இருத்தலாகாது. விலகிய பின் நான்கு ஆண்டுகள் கழிந்தாலன்றி மீண்டும் வரலாகாது. சட்டங்களைத் தள்ளும் உரிமை அவருக்கு இல்லை. சபையை ஒத்திவைக்கவோ கலைக்கவோ இயலாது. எதைச் செய்வதாயினும் எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைச் சபையின் கருத்தைக் கேட்டே செய்யவேண்டும். அந்த எட்டுப் பேரையும் தேர்ந்தெடுப்பது சட்டசபையே.

வாக்கெடுப்பு நடந்த விதமும் குறிப்பிடத்தக்கது. இரு சபைகளும் ஒரே மண்டபத்தில் கூடுவதில்லை. ஒவ்வொரு சபையும் தன் இடத்திலிருந்தே வாக்குச்சீட்டுகளைப் பெட்டியில் இடும். பெட்டிகள் பொதுவான ஓர் அறைக்குக் கொண்டுவரப்படும். இரு சபைகளின் குழுக்களும் கூடி எண்ணி, முடிவைத் தத்தம் சபைக்கு அறிவிக்கும். செனட்டர்கள் 24 பேரே. பிரதிநிதிகளோ நூற்றுக்கு மேற்பட்டவர். ஆகவே தேர்தலின் கடிவாளம் பிரதிநிதிகள் சபையின் கையிலேயே இருந்தது.

இவ்வளவு கட்டுகளுக்கும் காரணம் அச்சம் மட்டுமன்று. ஒரு கொள்கையும் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சபையே மக்கள். அதற்குப் புறம்பாக வேறொரு குரல் எதற்கு என்பது அக்கொள்கை. ஆனால் அந்த 'மக்கள்' யார் என்று நாம் கேட்க வேண்டும். வாக்குரிமை நிலமுடைய வெள்ளை ஆடவருக்கே உரியதாயிருந்தது. பயிரிட்ட 25 ஏக்கர் நிலமும் அதில் ஒரு வீடும், அல்லது அதற்கு ஈடாக வகுக்கப்பட்ட தரிசு நிலமோ நகர மனையோ இருந்தால்தான் ஒருவர் வாக்காளர் ஆவார். பெண்களுக்கு இடமில்லை. 1790-ஆம் ஆண்டின் முதற் குடிமதிப்பின்படி வர்ஜீனியாவில் 7,47,610 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் 2,92,627 பேர் அடிமைகள். சுதந்திரத்தைப் பாடிய ஹென்ரியும் மேஸனும் ஜெபர்ஸனும் அடிமைகளை உடையவர்களே. எதிரியான டன்மோர் பிரபு, 1775 நவம்பரில், கலகக்காரரின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை அளிப்பதாக அறிவித்தார் என்பதையும் வரலாறு மறைப்பதில்லை. அவர் அதைச் செய்தது அறத்துக்காக அன்று, போருக்காக. ஆயினும் அவ்வழைப்பைக் கேட்டு உயிரைப் பணயம் வைத்து ஓடியவர்களுக்கு அது மெய்யான விடுதலையாகவே தோன்றிற்று.

அரசியல் சட்டம் நிறைவேறிய அதே நாளில், 1776 ஜூன் 29-ல், முதற் கவர்னரின் தேர்தலும் நடந்தது. புதிய சட்டசபை இன்னும் கூடாமையால் மாநாடே வாக்களித்தது. பாட்ரிக் ஹென்ரிக்கு 60 வாக்குகள். பழைய ஆட்சியில் செயலாளராக இருந்த மூத்தவர் தாமஸ் நெல்ஸனுக்கு 45. ஜான் பேஜ் என்பவருக்கு ஒன்று. எளிய தொடக்கத்திலிருந்து நாவன்மையால் உயர்ந்த ஒருவர், பழம்பெருங் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை வென்றார். டன்மோர் பிரபு வெளியேறிய மாளிகையில் அவரை விரட்டிய ஹென்ரி குடிபுகுந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. சட்டத்தை வகுக்கும்போது, கவர்னருக்குச் சட்டங்களைத் தடுக்கும் உரிமை ஓரளவாவது வேண்டும், இல்லாவிடில் அவர் வெறும் நிழலாகிவிடுவார் என்று வாதாடியவர் ஹென்ரியே. மாநாட்டில் உடனிருந்த எட்மண்ட் ராண்டால்ஃப் இதைப் பின்னர் எழுதிவைத்தார். மாநாடு அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அந்த நிழற் பதவியில் அவரையே அமர்த்தியது. 1777-லும் 1778-லும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்றாண்டு எல்லை நிறைந்ததும் அவர் அமைதியாக விலகினார். அரசியல் சட்டத்தின் முதற் சோதனை அது. அதில் சட்டம் வென்றது.

அடுத்த தேர்தல் 1779 ஜூன் முதல் நாள் நடந்தது. மூவர் பெயர்கள் முன்வந்தன: தாமஸ் ஜெபர்ஸன், ஜான் பேஜ், தாமஸ் நெல்ஸன். இந்த நெல்ஸன் முன்னவரின் உறவினரான இளையவர், படைத்தலைவர். முதல் வாக்கெடுப்பில் ஜெபர்ஸனுக்கு 55, பேஜுக்கு 38, நெல்ஸனுக்கு 32. ஒருவரும் பாதிக்கு மேல் பெறவில்லை. நெல்ஸனை நீக்கி மறுபடி வாக்கெடுத்தபோது ஜெபர்ஸனுக்கு 67, பேஜுக்கு 61. ஆறே வாக்குகளில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஆசிரியர் வர்ஜீனியாவின் இரண்டாவது கவர்னரானார். அப்போது அவருக்கு வயது 36.

இத்தேர்தலில் கூட்டமில்லை, மேடை முழக்கமில்லை. போட்டியிட்டவர்கள் தமக்காக வாக்குக் கேட்டலும் முறையன்று. அவரவரின் நண்பர்களே சபையில் பெயரை முன்வைத்து ஆதரவு திரட்டினர். ஜெபர்ஸனும் பேஜும் வில்லியம்ஸ்பர்க் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற உயிர்த்தோழர்கள். தேர்தல் முடிந்த மறுநாளே பேஜ் தம் வாழ்த்தை அனுப்பினார். நண்பர்கள் கூடித் தங்களைப் போட்டியாளராக்கிவிட்டது தமக்கு வருத்தம் அளித்தது என்று ஜெபர்ஸன் பதில் எழுதினார். அந்நட்பு வாழ்நாள் முழுவதும் குன்றவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஜெபர்ஸன் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த 1802-ல், அதே பேஜ் வர்ஜீனியாவின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறு சபைக்குள் நடக்கும் தேர்தலின் நற்குணம் இது: பகையைத் தெருவுக்குக் கொண்டுவருவதில்லை. அதன் குறையும் அதிலேயே அடங்கியிருக்கிறது: தெருவில் நிற்பவனுக்கு அதில் பங்கில்லை.

ஜெபர்ஸன் பதவியேற்ற காலம் பொல்லாத காலம். போர் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தது. கஜானா வறண்டது, காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. குடிப்படையினரைத் திரட்டக் கட்டளைகள் போகும். ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் துப்பாக்கி இருப்பதில்லை. 1780-ல் தலைநகர் ரிச்மண்டுக்கு மாற்றப்பட்டது. 1781 ஜனவரியில், பிரிட்டிஷார் பக்கம் கட்சி மாறிய பெனடிக்ட் ஆர்னால்டு ஒரு படையுடன் ஆற்றின் வழியே வந்து அந்நகரில் நுழைந்து, கிடங்குகளைக் கொளுத்திவிட்டுச் சென்றார். விரைந்து முடிவெடுக்க வேண்டிய வேளையிலும் கவர்னர் ஆலோசனைச் சபையைக் கூட்டவேண்டும். அதன் உறுப்பினர்களோ தத்தம் குடும்பத்தைக் காக்க ஓடியிருந்தனர்.

அவ்வாண்டு மே மாதத்தில் காரன்வாலிஸ் பிரபு பெரும்படையுடன் வர்ஜீனியாவில் புகுந்தார். சட்டசபை ரிச்மண்டை விட்டு மேற்கே சார்லட்ஸ்வில் என்ற சிற்றூரில் கூடியது. அவ்வூருக்கு அருகில் ஒரு குன்றின்மேல் ஜெபர்ஸனின் இல்லமான மாண்டிசெல்லோ இருந்தது. ஜூன் 2-ஆம் நாளோடு அவருடைய இரண்டாவது ஆண்டு முடிவுற்றது. மூன்றாம் முறையும் நிற்கச் சட்டம் இடம் தந்தது. ஆனால் போர்க்காலத்துக்குப் படைத்துறை அறிந்த ஒருவரே தேவை என்று கருதி அவர் விலக முடிவு செய்திருந்தார். அடுத்தவரைச் சட்டசபை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஜூன் 3-ஆம் நாள் இரவு, டார்ல்டன் என்ற பிரிட்டிஷ் தளபதி சுமார் 250 குதிரைவீரருடன் சார்லட்ஸ்வில்லை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார். சட்டசபை முழுவதையும் ஒரே வலையில் பிடிப்பது அவர் நோக்கம். வழியிலிருந்த ஒரு சத்திரத்தருகே ஜாக் ஜூயெட் என்ற இளைஞர் இப்படையைக் கண்டார். பெருவழியை விட்டுக் காட்டுப் பாதையில், நிலவொளியில், ஏறக்குறைய 40 மைல் குதிரையை விரட்டி, விடியுமுன் மாண்டிசெல்லோவை அடைந்து செய்தி சொன்னார். பின் ஊருக்குள் சென்று உறுப்பினர்களை எழுப்பினார். நீலமலைத் தொடருக்கு அப்பாலுள்ள ஸ்டாண்டன் என்ற ஊரில் மீண்டும் கூடுவதென்று தீர்மானித்து அவர்கள் கலைந்தனர். ஏழு உறுப்பினர்கள் எதிரியிடம் சிக்கினர். ஜெபர்ஸன் குடும்பத்தை முன்னே அனுப்பிவிட்டு, வீரர்கள் வீட்டை அடையுமுன் குதிரையேறி மறைந்தார்.

இப்போது வர்ஜீனியாவுக்குக் கவர்னர் இல்லை. ஒருவருடைய பதவிக்காலம் முடிந்துவிட்டது; மற்றொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சபையோ மலைப் பாதையில் சிதறிக் கிடக்கிறது. நிர்வாகத்தின் உயிர்மூச்சைச் சட்டசபையின் கையில் கொடுத்துவிட்டால், சபை கூடாத நாளில் நிர்வாகமும் நின்றுவிடும் என்பது இங்கே கண்கூடாயிற்று. ஆலோசனைச் சபையில் எஞ்சியிருந்த வில்லியம் ஃபிளெமிங் என்பவர் அந்த நாட்களில் பொறுப்பை ஏற்றுக் கட்டளைகளைப் பிறப்பித்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, அறுவை வைத்தியராகவும் போர்வீரராகவும் வாழ்ந்தவர் அவர். அவர் செய்தவற்றுக்குச் சட்டசபை பின்னர் ஒப்புதல் வழங்கியது.

ஜூன் 12-ல் ஸ்டாண்டனில் கூடிய சட்டசபை, தளபதி தாமஸ் நெல்ஸனைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தது. முன்பு 32 வாக்குகளோடு நின்றவர் அவர். அதே நாளில் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற இளம் உறுப்பினர் எழுந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் நிர்வாகம் நடந்துகொண்ட விதத்தை அடுத்த கூட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறியது. அச்சத்தின் மிகுதியில், சகல அதிகாரங்களையும் ஒரே மனிதரிடம் ஒப்புவித்து ஒரு சர்வாதிகாரியை அமர்த்தலாம் என்ற யோசனையும் எழுந்தது. சில வாக்குகள் மட்டுமே குறைந்தமையால் அது தோல்வியுற்றது என்று ஜெபர்ஸன் பின்னர் எழுதினார். ஐந்தாண்டுகளுக்கு முன் கவர்னருக்கு ஒரு சிறு தடையுரிமையும் தர மறுத்த சபை, இடர் வந்தபோது எல்லாவற்றையும் ஒருவர் காலடியில் வைக்கத் துணிந்தது!

விசாரணைத் தீர்மானம் ஜெபர்ஸனின் உள்ளத்தைத் துளைத்தது. பதவியைக் கொடுத்தவர்களே அதன் நேர்மையை ஐயுற்றனர். அவர்கள் முன்னேயே அவர் விடை கூறவேண்டும். விடை கூறுவதற்காகவே அவர் தம் வட்டாரத்தின் சார்பில் சட்டசபை உறுப்பினராகத் தேர்தல் பெற்றார். 1781 டிசம்பர் 12-ஆம் நாள் சபையில் எழுந்து, தம்மீது சொல்லப்பட்ட குறைகளை ஒவ்வொன்றாகத் தாமே படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் உரைத்தார். குற்றம் சாட்ட ஒருவரும் முன்வரவில்லை. வந்தவை வதந்திகளே என்று குழு அறிவித்தது. அவருடைய திறமைக்கும் நேர்மைக்கும் நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை இரு சபைகளும் நிறைவேற்றின. எனினும் அப்புண் ஆறவில்லை. கல்லறை ஒன்றே அதை ஆற்றும் என்ற கருத்தில் அவர் மறு ஆண்டு ஜேம்ஸ் மன்றோவுக்குக் கடிதம் எழுதினார். நெடுங்காலம் அவருடைய எதிரிகள் அவர் தப்பி ஓடினார் என்ற பழியை மேடைதோறும் கிளப்பினர். அவர் மாண்டிசெல்லோவை விட்டு வெளியேறிய காலையில் அவர் கவர்னராகவே இல்லை என்பதைக் கேட்பார் சிலரே.

புதிய கவர்னர் நெல்ஸனின் கதி என்ன? அவர் படையைத் திரட்டினார். உணவும் வண்டிகளும் குதிரைகளும் கொண்டுவரச் செய்தார். யார்க்டவுன் முற்றுகையில் வர்ஜீனியாவின் குடிப்படைக்குத் தாமே தலைமை தாங்கினார். 1781 அக்டோபர் 19-ல் காரன்வாலிஸின் படை அங்கே சரணடைந்தது. ஐந்தாண்டுகள் கழித்து நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானோடு போரிட்டு, வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை ஏற்படுத்தியவர் இந்தக் காரன்வாலிஸ் பிரபுவே. ஆனால் வெற்றி தேடித்தந்த நெல்ஸன், பல கட்டளைகளை ஆலோசனைச் சபையின் இசைவின்றிப் பிறப்பித்துவிட்டார் என்ற குறை எழுந்தது. நோயுற்ற அவர் நவம்பரில் பதவியைத் துறந்தார். சட்டசபை தனிச் சட்டம் இயற்றி அவருடைய செயல்களைச் செல்லுபடியாக்க வேண்டியதாயிற்று. சட்டத்தை அனுசரித்த கவர்னரை வலிமையற்றவர் என்றனர். வலிமை காட்டிய கவர்னரைச் சட்டத்தை மீறினார் என்றனர். குறை எந்த மனிதரிடம் இருந்தது? பதவியின் அமைப்பிலேயே இருந்தது என்பதே நடுநிலையான விடை.

இவ்விடையை முதலில் தெளிவாக எழுதியவரும் ஜெபர்ஸனே. பதவி நீங்கிய மாதங்களில் அவர் வர்ஜீனியாவைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். அது 1785-ல் பாரிஸில் அச்சாயிற்று. அரசின் சட்டம், நிர்வாகம், நீதி என்ற மூன்று அதிகாரங்களும் ஈற்றில் சட்டசபையையே சென்றடைகின்றன. ஓர் அரசன் கையில் குவிந்தால் எது கொடுங்கோலோ, அது 173 பேர் கையில் குவிந்தாலும் கொடுங்கோலே என்பது அவர் வாதம். 149 பிரதிநிதிகளும் 24 செனட்டர்களும் சேர்ந்த தொகை அந்த 173. மக்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதனால் மட்டும் அத்தீமை நீங்கிவிடாது என்றார். பிரதிநிதித்துவத்தின் ஏற்றத்தாழ்வையும் அவர் காட்டினார். போரிடத் தகுந்த ஆடவர் 100 பேரே உள்ள வார்விக் வட்டத்துக்கும் இரண்டு உறுப்பினர். 1,746 பேர் உள்ள லௌடன் வட்டத்துக்கும் இரண்டே உறுப்பினர். 1776-ல் சபையே நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நகல் வரைந்த கையே, அனுபவத்தால் பாடம் கற்று, இதையும் எழுதியது.

1787-ல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டின் முன் இதே வினா பெரிதாக வந்து நின்றது. நாட்டின் தலைமை நிர்வாகியை யார் தேர்ந்தெடுப்பது? வர்ஜீனியாவின் அப்போதைய கவர்னர் எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த திட்டம், தேசியச் சட்டசபையே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. மாநாடு அதை ஏற்றது, பின் கைவிட்டது, மீண்டும் ஏற்றது. சபை தேர்ந்தெடுத்தால் அவர் சபைக்கு அடிமையாவார். மறுபடி தேர்தல் பெறச் சபையை நயந்து நடப்பார் என்ற அச்சம் மேலோங்கியது. மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் பென்ஸில்வேனியாவின் ஜேம்ஸ் வில்ஸன். அதற்கும் மாநாடு துணியவில்லை. இறுதியில் இடைவழியாக, இதற்கென்றே நியமிக்கப்படும் வாக்காளர் குழு என்ற ஏற்பாடு பிறந்தது. அதில் ஒருவருக்கும் முடிவான பெரும்பான்மை கிடைக்காவிடில் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தனர்.

அக்கதவின் வழியே நுழையும்படி விதி ஜெபர்ஸனையே அழைத்தது. 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருக்கும் அவருடைய கட்சியினரான ஆரன் பர்ருக்கும் சரிசமமாக 73 வாக்குகள் விழுந்தன. 1801 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்து, 17-ஆம் நாள் ஜெபர்ஸனை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. இராஜ்யத்தின் கவர்னராகவும் நாட்டின் தலைவராகவும் அவரை முதன்முதலில் அமர்த்தியது ஒரு சட்டமன்றத்தின் வாக்குப் பெட்டியே.

மற்ற இராஜ்யங்களின் நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். கனெக்டிகட்டும் ரோட் தீவும் தம் பழைய சாசனப்படியே கவர்னரைக் குடிமக்கள் வாக்கினால் தேர்ந்தெடுத்து வந்தன. நியூயார்க் 1777-லும், மாஸச்சூஸெட்ஸ் 1780-லும் மக்கள் தேர்தலை ஏற்றன. நியூ ஜெர்ஸி, டெலாவேர், மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவை வர்ஜீனியாவைப் போலச் சட்டசபைத் தேர்தலைக் கைக்கொண்டன. நியூ ஜெர்ஸியில் சட்டசபை 1776-ல் தேர்ந்தெடுத்த வில்லியம் லிவிங்ஸ்டன், ஆண்டுதோறும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 1790-ல் இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார். ஆகவே இம்முறை எங்கும் நிலையின்மையையே விளைத்தது என்றும் கூறுவதற்கில்லை.

ஆயினும் காலம் மாறிற்று. நிலமற்றவர்க்கும் வாக்கு வேண்டும் என்ற குரல் வலுத்தது. டெலாவேர் 1792-லும், ஜார்ஜியா 1824-லும், வட கரோலினா 1835-லும், மேரிலாந்து 1837-லும், நியூ ஜெர்ஸி 1844-லும் தம் சட்டத்தை மாற்றிக் கவர்னர் தேர்தலை மக்களிடம் விட்டன. வர்ஜீனியாவில் மட்டும் கிழக்குப் பகுதி நிலக்கிழார்கள் அசையவில்லை. 1829-ல் ரிச்மண்டில் கூடிய அரசியல் சட்ட மாநாட்டில் 78 வயதான மாடிஸன், 74 வயதான நீதிபதி ஜான் மார்ஷல், 71 வயதான மன்றோ ஆகிய மூன்று முதுபெரும் தலைவர்களும் அமர்ந்திருந்தனர். மலைக்கு மேற்கே வாழ்ந்த சிறு குடியானவர்களின் பிரதிநிதிகள், கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடினர். அவர்கள் தோற்றனர், பதவிக்காலம் மூன்றாண்டாக நீண்டதே தவிர, தேர்தல் சட்டசபையிடமே நின்றது. 1851-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம்தான் அதை மாற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோஸப் ஜான்ஸன் மக்கள் வாக்கினால் கவர்னரானார். முதல் தேர்தலுக்கும் இதற்கும் இடையே 75 ஆண்டுகள் கழிந்திருந்தன. நீண்டகாலப் புறக்கணிப்பின் கசப்பும் சேர்ந்து, உள்நாட்டுப் போரின்போது, 1863-ல், மேற்கு வட்டங்கள் பிரிந்து மேற்கு வர்ஜீனியா என்ற தனி இராஜ்யமாயின. தென் கரோலினா போர் முடிந்த பின் 1865-ல்தான் சட்டசபைத் தேர்தலைக் கைவிட்டது.

நம் அரசியல் நிர்ணய சபையும் இப்பிரச்னையைக் கடந்து வந்தது என்பதைப் பலர் மறந்திருக்கலாம். 1947-ல் சர்தார் படேலின் தலைமையில் அமைந்த மாகாண அரசியலமைப்புக் குழு, வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துக் கவர்னரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூறிற்று. 1948-ஆம் ஆண்டின் நகல், சட்டசபை நால்வரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுள் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்ற மாற்று வழியையும் காட்டிற்று. 1949 மே மாத இறுதியில் சபை இரண்டையும் விலக்கி, நியமன முறையை ஏற்றது. மக்கள் வாக்குப் பெற்ற கவர்னரும், சட்டசபையின் நம்பிக்கை பெற்ற முதலமைச்சரும் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொள்வர் என்ற கவலையே பெருங் காரணமாயிருந்தது. வர்ஜீனியாவில் ஒரே ஆசனத்தில் வைத்துப் பார்த்த பொறுப்புகளை, நாம் இரண்டு ஆசனங்களில் பிரித்து வைத்தோம்.

டன்மோர் பிரபுவைக் கண்டு அஞ்சிய ஒரு தலைமுறை, இன்னொரு டன்மோர் தோன்றாதபடி ஒரு பதவியை வகுத்தது. அதில் அது வெற்றி கண்டது. ஆனால் கடந்துபோன ஆபத்துக்குக் காவல் வைத்தவர்கள், வரப்போகும் ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிட்டனர். மலைக்கு அப்பால் ஓடிய சபையும், கவர்னரற்றுக் கிடந்த பத்து நாட்களும், நேர்மையாளர் ஒருவரின் ஆறாத புண்ணும் அதன் விலை. நியமிப்பவர் எவரோ அவரிடமே அதிகாரத்தின் வேர் இருக்கிறது. அந்த வேரை ஓர் அரசனிடமிருந்து 173 பேருக்கும், 173 பேரிடமிருந்து நிலமுள்ள சிலருக்கும், அவர்களிடமிருந்து எல்லா மக்களுக்கும் கொண்டுசெல்ல அந்நாடு பட்ட பாடு நெடிது. அடிமைகளாக்கப்பட்டிருந்தவரின் மக்களுக்கும் பெண்களுக்கும் அவ்வுரிமை எட்டுவதற்கு இன்னும் பல தலைமுறைகள் சென்றன. வாக்குச்சீட்டைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்நெடுவழி நம் நினைவுக்கு வருதல் நன்று.